பசுவின் உடலில் பூச்சிமருந்தின் பயணம்

முன்னுரை

வெங்காயத்தாளைத் தின்ற பசுவின் பாலில் வெங்காய வாடை வீசும். மாடு வளர்க்கும் வீடுகளில் இதை அறியாதவர் இல்லை. பசு தின்றது அதன் வயிற்றோடு நின்றுவிடுவதில்லை, இரத்தத்தில் கலந்து மடிவரை வந்து சேர்கிறது என்பதற்கு இந்த வாடையே சாட்சி. வெங்காயமாவது வாடையால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நிறமும் மணமும் சுவையும் காட்டாமல் பாலில் வந்து சேரும் பொருள்களும் உண்டு. அவற்றுள் முக்கியமானவை பூச்சிமருந்துகள்.

வயலில் பூச்சியை ஒழிக்கத் தெளித்த மருந்து மாட்டின் உடலுக்குள் எவ்வாறு செல்கிறது? அங்கே அது என்ன மாற்றம் அடைகிறது? எவ்வழியாக வெளியேறுகிறது? இவற்றுக்கு விடை தெரிந்தால்தான் மாட்டையும் காக்கலாம், அதன் பாலைக் குடிக்கும் குழந்தையையும் காக்கலாம். ஆகவே அந்தப் பயணத்தை வாயிலிருந்து மடிவரை நாம் பின்தொடர்ந்து பார்ப்போம்.

நான்கு இனங்கள்

பூச்சிமருந்துகள் எல்லாம் ஒரே தன்மை உடையன அல்ல. முக்கியமானவற்றை நான்கு இனங்களாகப் பிரிக்கலாம்.

முதலாவது இனம், குளோரின் சேர்ந்த கரிமப் பொருள்கள். டி.டி.டி., பி.எச்.சி., ஆல்டிரின், டீல்டிரின், ஹெப்டாகுளோர் முதலியவை இதில் அடங்கும். டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்பதைச் சுவிட்சர்லாந்து நாட்டு விஞ்ஞானி பால் முல்லர் 1939ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அதற்காக 1948இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மலேரியாவிலிருந்தும் பேன் பரப்பும் டைபஸ் காய்ச்சலிலிருந்தும் பல இலட்சம் உயிர்களை அது காத்தது என்பதை நாம் மறக்கலாகாது. ஆனால் இந்த இனத்தில் பெரும்பாலானவை எளிதில் சிதைவதில்லை. தண்ணீரில் கரைய மறுக்கும் இவை கொழுப்பில் நன்றாகக் கரையும். இக்கட்டுரையில் இனி வரும் செய்திகள் பலவற்றுக்கு இந்த ஒரு குணமே காரணம்.

இரண்டாவது இனம், பாஸ்பரஸ் சேர்ந்தவை. மாலத்தியான், பாரத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகியவை இவ்வினம். மூன்றாவது, கார்பரில் போன்ற கார்பமேட்டுகள். இவ்விரண்டு இனங்களும் நரம்பு மண்டலத்தில் உள்ள கோலினெஸ்டரேஸ் என்னும் நொதிப்பொருளின் வேலையைத் தடுத்துவிடுகின்றன. நான்காவது, பைரித்ராய்டுகள். சாமந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு பூவில் இயற்கையாக உள்ள பைரித்ரின் என்னும் பொருளை மாதிரியாகக் கொண்டு செய்யப்பட்டவை இவை. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் ஆகியவற்றை மாட்டு உண்ணிக்காகக் கால்நடை மருத்துவர்கள் எழுதித் தருவதுண்டு.

உட்புகும் வழிகள்

மாட்டின் உடலுக்குள் பூச்சிமருந்து நுழைய மூன்று வாயில்கள் உள்ளன.

முதல் வாயில் வாய். மருந்து தெளித்த பயிரின் தட்டை, வைக்கோல், தவிடு, பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு, வரப்போரத்துப் புல் ஆகியவற்றோடு மருந்தும் சேர்ந்து உள்ளே போகிறது. தெளிப்பானைக் கழுவிய நீர் தேங்கிய பள்ளத்தில் மாடு வாய் வைப்பதும் உண்டு. மருந்து வந்த தகர டப்பாவைக் கழுவித் தண்ணீர் காட்டுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. எத்தனை முறை கழுவினாலும் சிறிதளவு மருந்து மூடியின் ஓரத்திலும் தையலிலும் தங்கிவிடும்.

இரண்டாவது வாயில் தோல். உண்ணி, பேன், ஈ ஆகியவற்றை ஒழிக்க மாட்டின் மேல் பூசும் மருந்தில் ஒரு பகுதி தோல் வழியாக இரத்தத்துக்குச் செல்கிறது. நீரில் கலக்கும் தூளைவிட எண்ணெயில் கரைத்த மருந்து விரைவாக உட்புகும். தோலில் புண் இருந்தால் இன்னும் விரைவு. போதாக்குறைக்கு மாடு தன் உடலைத் தானே நக்கும். கன்றையும் நக்கும். தோலில் இட்டது இவ்வாறு வாய்க்கும் போய்விடுகிறது.

மூன்றாவது வாயில் மூச்சு. காற்றோட்டம் இல்லாத தொழுவத்தில் மருந்தைப் புகைபோல் அடித்தால், நுரையீரல் வழியாக அது நேரே இரத்தத்தில் கலந்துவிடும்.

பெருவயிற்றில் நடப்பது

மனிதருக்கு இல்லாத ஒரு வசதி மாட்டுக்கு உண்டு. அசைபோடும் பிராணிகளின் இரைப்பை நான்கு அறைகளாக அமைந்துள்ளது. அவற்றுள் முதலாவதான பெருவயிறு, நன்கு வளர்ந்த ஒரு பெரிய பசுவுக்கு நூறு லிட்டருக்கும் அதிகமாகக் கொள்ளும். அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நம்மால் செரிக்க முடியாத வைக்கோலைப் பசுவுக்கு உணவாக்கித் தருபவை இவைதாம்.

இந்த நுண்ணுயிர்கள் வைக்கோலை மட்டுமல்லாமல் சில பூச்சிமருந்துகளையும் மாற்றிவிடுகின்றன. பாரத்தியான் மிகக் கொடிய நஞ்சு. ஆனால் பெருவயிற்றில் காற்று இல்லாத சூழலில் நுண்ணுயிர்கள் அதன் ஒரு பகுதியை மாற்றி, நஞ்சு மிகவும் குறைந்த வேறொரு பொருளாக்கிவிடுகின்றன என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1958ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினர். அதனால்தான் வேறு சில பிராணிகளைக் கொல்லும் அளவு பாரத்தியானைப் பசு ஓரளவு தாங்கிக்கொள்கிறது. டி.டி.டி.யிலிருந்தும் ஒரு குளோரின் அணுவை இந்த நுண்ணுயிர்கள் நீக்கிவிடுகின்றன.

ஆனால் பிறந்து சில நாட்களே ஆன கன்றுக்குப் பெருவயிறு இன்னும் வளர்ந்திருக்காது. அதன் கல்லீரலும் முழு வேலைக்குத் தயாராகியிருக்காது. ஆகவே தாய்ப்பசு தாங்கும் மருந்தைக் கன்று தாங்காது. உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டாலும் கன்றின் நிலை வேறுதான். கன்றுக்குத் தனியே மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தும் இடக்கூடாது என்பதன் காரணம் இதுவே.

கல்லீரலின் வேலை

குடலில் உறிஞ்சப்பட்ட பொருள்களில் பெரும்பகுதி இரத்தத்தின் வழியாக முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. கொழுப்போடு ஒட்டிக்கொண்டவற்றில் ஒரு பகுதி நிணநீர் வழியாகச் சுற்றிச் செல்கிறது. எப்படிச் சென்றாலும் இறுதியில் கல்லீரலைச் சந்தித்தே ஆகவேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்கு உள்ள பாத்திரத்தில் வெறும் தண்ணீரை ஊற்றினால் பிசுக்குப் போவதில்லை. சாம்பலோ சீயக்காய்த்தூளோ போட்டுத் தேய்த்த பிறகே அது தண்ணீரோடு போகிறது. கல்லீரல் செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான். கொழுப்பில் கரையும் பொருளை நீரில் கரையும் பொருளாக மாற்றினால்தான் சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியும்.

இவ்வேலை இரண்டு படிகளில் நடைபெறுகிறது. முதற்படியில் சைட்டோகுரோம் பி-450 எனப்படும் நொதிப்பொருள்கள் மருந்தின் மூலக்கூறில் ஆக்சிஜனைச் சேர்க்கின்றன. வேறு சில நொதிப்பொருள்கள் மூலக்கூறை இரண்டாக வெட்டுகின்றன. இரண்டாம் படியில், அவ்வாறு மாறிய பொருளோடு குளூக்குரோனிக் அமிலம், சல்பேட், குளூட்டத்தயோன் ஆகியவற்றுள் ஒன்று பிணைக்கப்படுகிறது. பிணைந்த பொருள் நீரில் நன்றாகக் கரைந்துவிடும்.

மாலத்தியான் இதற்கு நல்ல உதாரணம். அதை வெட்டும் நொதிப்பொருள் பாலூட்டிகளின் கல்லீரலில் நிறைய உள்ளது. பூச்சிகளிடம் மிகக் குறைவாகவே உள்ளது. ஆகவே பூச்சி மடியும் அளவு மருந்தைப் பசு எளிதில் வெட்டித் தள்ளிவிடுகிறது. பைரித்ராய்டுகளும் பாலூட்டிகளின் உடலில் விரைவாகவே சிதைகின்றன.

ஆனால் கல்லீரல் தொட்டதெல்லாம் நன்மையாக முடிவதில்லை. பாரத்தியானில் உள்ள கந்தக அணுவுக்குப் பதிலாக ஆக்சிஜன் அணு வந்து அமரும்போது பாராக்சான் என்ற பொருள் உண்டாகிறது. நரம்பைத் தாக்குவது உண்மையில் இதுவே. வேகமாக உண்டாகும் பாராக்சானை அதே வேகத்தில் சிதைக்க முடியாவிட்டால் மாட்டுக்கு எச்சில் வடியும், கண்ணீர் பெருகும், கழிச்சல் காணும், தசைகள் துடிக்கும், மூச்சுத் திணறும். தாமதிக்காமல் கால்நடை மருத்துவர் வந்து அட்ரோபின் ஊசி போட்டால் பிழைக்க வழியுண்டு. ஹெப்டாகுளோரை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். கல்லீரல் அதை ஹெப்டாகுளோர் எபாக்சைடு என்னும் பொருளாக மாற்றுகிறது. இதுவும் நஞ்சே. மூலப் பொருளைவிட நெடுநாள் உடலில் தங்கவும் செய்யும்.

கொழுப்பு என்னும் கிடங்கு

கல்லீரலால் எளிதில் மாற்ற முடியாத குளோரின் இன மருந்துகள் எங்கே போகின்றன? தங்களுக்குப் பிடித்த இடமான கொழுப்பைத் தேடிப் போகின்றன. தோலுக்கு அடியிலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் உள்ள கொழுப்பில் அவை சேர்ந்து தங்கிவிடுகின்றன. ஒவ்வொரு நாளும் தீவனத்தில் வருவது மிகச் சிறிய அளவாகவே இருக்கலாம். ஆனாலும் வெளியேறுவதைவிட வருவது அதிகமாக இருக்கும்வரை கிடங்கு நிறைந்துகொண்டே போகும்.

கிடங்கில் இருக்கும்வரை மாட்டுக்கு வெளிப்படையான நோய் எதுவும் தெரியாது. பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று நன்றாகவே இருக்கும். கோடையில் தீவனம் குறைந்து மாடு இளைக்கும்போதும், கன்று ஈன்றபின் பால் சுரக்க உடற்கொழுப்பு கரையும்போதும் அக்கிடங்கு திறந்துகொள்கிறது. அப்போது பழைய மருந்து மீண்டும் இரத்தத்தில் கலக்கிறது. பல மாதங்களுக்கு முன் தின்ற நஞ்சு இன்றைய பாலில் வருவது இப்படித்தான்.

வெளியேறும் வழிகள்

பாஸ்பரஸ் இனமும் கார்பமேட்டும் சிதைந்தபின் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடுகின்றன. இதற்குச் சில நாட்களே ஆகும். குளோரின் இன மருந்துகளில் ஒரு பகுதி பித்தநீரோடு குடலுக்கு வந்து சாணத்தில் கலக்கிறது. ஆனால் வாசல்வரை போன விருந்தாளி திரும்பி உள்ளே வருவதுபோல, குடலுக்கு வந்ததில் ஒரு பங்கை உடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. இந்தச் சுற்று ஓயாமல் நடப்பதால்தான் அவை உடலைவிட்டு நீங்க நெடுங்காலம் பிடிக்கிறது.

கறவை மாட்டுக்கு இன்னொரு வழியும் உண்டு. அதுதான் பால். பாலில் உள்ள கொழுப்பில் ஏறிக்கொண்டு மருந்து வெளியே வருகிறது. கறவையில் இல்லாத கிடேரிக்கும் காளைக்கும் இந்த வழி இல்லாததால் அவற்றின் உடலில் மருந்து கூடுதலாகச் சேரும். பசுவுக்கு அது விடுதலை. பாலைக் குடிப்பவருக்கோ அதுவே சுமை. நஞ்சு கலந்த தீவனத்தை நிறுத்தியதும் பாலில் மருந்தின் அளவு முதலில் வேகமாகக் குறையும். பிறகு கிடங்கிலிருந்து சிறிது சிறிதாக வந்துகொண்டிருப்பதால் மிக மெதுவாகவே குறையும்.

காய்ச்சினால் போய்விடாதா என்று சிலர் கேட்கலாம். பாலைக் காய்ச்சுவது கிருமிகளைக் கொல்லும், இந்த மருந்துகளைப் போக்காது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு 5 பங்கு கொழுப்புள்ள பால் 20 லிட்டரிலிருந்து ஏறத்தாழ 1 கிலோ நெய் கிடைக்கும். ஒரு லிட்டர் பாலில் 0.05 மில்லிகிராம் டி.டி.டி. இருந்தால், 20 லிட்டரில் 1 மில்லிகிராம் இருக்கும். கொழுப்போடு அது முழுவதும் அந்த ஒரு கிலோ நெய்யில் வந்து சேர்ந்தால், பாலில் இருந்ததைப்போல் இருபது மடங்கு செறிந்துவிடும்.

சாணத்தோடு போனதும் அங்கே முடிவதில்லை. மாட்டின் குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் கொடுக்கப்படும் ஐவர்மெக்டின் பெரும்பாலும் சாணத்தின் வழியாகவே வெளியேறுகிறது. இதைக் கண்டுபிடித்த வில்லியம் கேம்பெல், சதோஷி ஓமுரா இருவருக்கும் 2015இல் நோபெல் பரிசு கிடைத்தது. நல்ல மருந்துதான். ஆயினும் அந்தச் சாணத்தை உருட்டி மண்ணுக்குள் சேர்த்து நிலத்தை வளப்படுத்தும் சாணவண்டின் புழுக்களை அது கொன்றுவிடுகிறது. பைரித்ராய்டு மருந்து பூசிய மாட்டைக் குளத்தில் இறக்கிக் கழுவினால் மீன்கள் செத்து மிதக்கும். மாட்டுக்குச் சாதுவான மருந்து மீனுக்கு எமன்.

ஹவாய்த் தீவின் பாடம்

இதுவரை கூறியவை யாவும் ஒருசேர நடந்த இடம் ஒன்று உண்டு. பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளில் அன்னாசி பெருமளவில் பயிராயிற்று. அன்னாசிச் செடியை வாடச் செய்யும் நோயை மாவுப்பூச்சி பரப்புகிறது. அந்த மாவுப்பூச்சியை எறும்புகள் காத்து வளர்க்கின்றன. ஆகவே எறும்பை ஒழிக்க ஹெப்டாகுளோர் தெளித்தார்கள். அமெரிக்காவில் இம்மருந்தின் பெரும்பாலான உபயோகங்களை 1978 முதல் படிப்படியாக நிறுத்த முடிவு செய்திருந்தும், அன்னாசிக்கு மட்டும் மேலும் சில ஆண்டுகள் விலக்கு அளித்திருந்தார்கள்.

பழம் எடுத்தபின் மிஞ்சிய அன்னாசி இலைகளை நறுக்கிக் கறவை மாடுகளுக்குத் தீவனமாக இட்டனர். வீணாவதை உணவாக்கும் சிக்கனமான வழி என்றே யாரும் நினைப்பர். இலையில் இருந்த ஹெப்டாகுளோர் பசுவின் குடலில் உறிஞ்சப்பட்டது. கல்லீரலில் எபாக்சைடு ஆயிற்று. கொழுப்பில் தங்கிப் பாலில் வந்தது. 1982ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஓவாஹூ தீவின் கடைகளிலிருந்து பால் திரும்பப் பெறப்பட்டது. குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்று அத்தீவின் தாய்மார்கள் தவித்தனர். மருந்து அடித்தவர் பசுவை நினைக்கவில்லை. தீவனம் இட்டவர் எறும்பை நினைக்கவில்லை. இருவருக்கும் இடையில் இருந்த சங்கிலி யார் கண்ணுக்கும் படவில்லை.

கோழிப் பண்ணையும் இதற்கு விலக்கல்ல. 2017ஆம் ஆண்டில் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் கோழிச் செள்ளை ஒழிக்கும் மருந்தில் பிப்ரோனில் என்னும் பூச்சிமருந்தைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கலந்துவிட்டனர். அது கோழியின் உடலில் புகுந்து முட்டைக்கு வந்தது. பல இலட்சக்கணக்கான முட்டைகளை ஐரோப்பியக் கடைகளிலிருந்து அகற்ற நேர்ந்தது.

நம் நாட்டில்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 12 மாநிலங்களில் திரட்டிய 2,205 பசும்பால், எருமைப்பால் மாதிரிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 82இல் டி.டி.டி. காணப்பட்டது. நூற்றுக்கு 37 மாதிரிகளில் அது அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது.

இதற்குள் நாடு விழித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. 1989இல் வேளாண்மைக்கு டி.டி.டி. விலக்கப்பட்டது. 1997 ஏப்ரல் முதல் பி.எச்.சி. தடை செய்யப்பட்டது. 2011இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. தடை என்பது புதிய வரவை நிறுத்தும், மண்ணில் முன்பே சேர்ந்ததை உடனே போக்காது. அதற்கும் காலம் வேண்டும். இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் விரைவில் சிதையும் இனங்களே. ஆயினும் சிதைவதற்குச் சில நாட்களாவது கொடுத்தால்தானே சிதையும்?

நாம் செய்யத்தக்கவை

மருந்து தெளித்த வயலில் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம், மாட்டை எப்போது மேயவிடலாம் என்பது மருந்துச் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த நாம் அதை நம் வீட்டாருக்குப் படித்துக் காட்டலாம். பயிருக்கு உள்ள மருந்தை மாட்டு உண்ணிக்குப் பூசக்கூடாது. மாட்டுக்குரிய மருந்தையும் மருத்துவர் சொன்ன அளவில்தான் கலக்க வேண்டும். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலை விற்கவும் குடிக்கவும் கூடாது என்பதைக் கேட்டறிந்து, அத்தனை நாளும் அதைக் கடைப்பிடிக்க வேண்டும். ஏழைக் குடும்பத்துக்கு ஒரு வேளைப் பாலின் காசும் பெரிதுதான். ஆனால் அந்தப் பாலை வாங்குபவர் வீட்டிலும் ஒரு குழந்தை உண்டு.

தீவனத்தையும் மருந்தையும் ஒரே அறையில் வைக்கலாகாது. காலி டப்பாக்களைத் தண்ணீருக்கோ தவிட்டுக்கோ பாலுக்கோ உபயோகிக்கக்கூடாது. மாட்டுக்கு மருந்து பூசும்போது தீவனத் தொட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் மூடிவைக்க வேண்டும். இவை ஒன்றுக்கும் செலவில்லை, கவனம் மட்டுமே வேண்டும்.

முடிவுரை

பசுவின் பெருவயிற்று நுண்ணுயிர், அதன் கல்லீரல், சிறுநீரகம் ஆகியவை இரவு பகலாக உழைத்து நாம் இட்ட நஞ்சைக் கழிக்க முயல்கின்றன. படைத்தவர் அவ்வுடலில் வைத்த இந்த ஏற்பாடு வியக்கத்தக்கது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. இயற்கை அறியாத பொருளை மனிதன் செய்து கொட்டும்போது அந்த எல்லை கடந்துவிடுகிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ என்னும் சுற்றுமடல், பூச்சிமருந்துகளால் வரும் தீங்கையும் குறிப்பிட்டு, இவ்வுலகை நம் அனைவருக்கும் பொதுவான இல்லம் என்று அழைக்கிறது. ஒரே இல்லத்தில் வாழ்வோர்க்குள் ஒருவர் அடுப்பில் இட்டது மற்றவர் இலைக்கு வந்தே தீரும். வயலும் தொழுவமும் சமையலறையும் தனித்தனி என்று எண்ணாமல், கையில் தெளிப்பானை எடுக்கும்போதே பால் குடிக்கும் குழந்தையை நினைவில் கொள்வோம். அந்நினைவு நம் வீடுகளில் வேரூன்ற இறைவன் அருள் புரிவாராக!